அரசின் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு கணக்கு வேண்டும்

2020-ஆம் ஆண்டு கோடையில் சென்னையில் நிகழ்ந்த இறப்புகளை இரண்டு அலுவலகங்கள் எண்ணிக்கொண்டிருந்தன. மாநில சுகாதாரத் துறை ஒவ்வொரு நாள் மாலையும் வெளியிட்ட கொரோனா அறிக்கையில், மருத்துவமனைகளிலிருந்து அதற்கு வந்துசேர்ந்த மரண விவரங்கள் இருந்தன. சென்னை மாநகராட்சியோ வழக்கம்போலத் தன் இறப்புப் பதிவேட்டை எழுதிவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பத்திரிகையாளர்களும் தன்னார்வ அமைப்பினரும், மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த பல கொரோனா மரணங்கள் மாநிலத்தின் மாலை அறிக்கையில் இல்லை என்று ஜூன் மாதத்தில் சுட்டிக்காட்டினார்கள். அரசு ஒரு குழுவை அமைத்து இரு பதிவுகளையும் ஒப்பிடச் செய்தது. ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன.

அந்த 444 பேரும் மறைக்கப்பட்டார்களா, அலுவலகங்களுக்கிடையே தாள்கள் போய்ச் சேராமல் விடுபட்டார்களா என்பது தனிக் கேள்வி. அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்பதுதான் இங்கே நாம் பார்க்க வேண்டியது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு மரணத்தையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால், சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் குடும்பங்கள் பதிவு செய்வதில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் குடும்ப ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, வங்கியில் கிடக்கும் பணம், பட்டா மாற்றம் எதுவும் நகராது. அந்தப் பதிவேட்டை நிரப்புவது குடும்பங்களின் தேவை. ஓர் அரசு நோயை எவ்வளவு திறமையாகக் கையாள்கிறது என்று காட்டுவதற்காக அது எழுதப்படவில்லை. ஆகவேதான் அந்த அரசின் எண்ணைச் சோதிக்க அது பயன்பட்டது.

அரசுப் புள்ளிவிவரங்களைப் பற்றிப் பேசும்போது அவை உண்மையா பொய்யா என்ற கேள்வியிலேயே நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். ஒரே ஒரு எண் மட்டும் கையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. நம்பலாம், நம்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான். அரசு தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணோடு, வேறொரு கை வேறொரு தேவைக்காக எழுதிய இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க முடியும்போதுதான் அரசைப் பதில் சொல்ல வைக்க முடிகிறது. இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் எழுந்த புள்ளிவிவரச் சர்ச்சைகளையும் செலவுக் கணக்குச் சர்ச்சைகளையும் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை அந்த இரண்டாவது எண் எப்போது வரும், வருமா, வந்தால் யார் பார்க்கலாம் என்பதைப் பற்றியவையாகவே இருப்பது தெரியும்.

சென்னையில் நடந்த ஒப்பீடு நாடு முழுவதற்கும் நடக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 47 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2022 மே 5 அன்று மதிப்பிட்டது. அதே காலத்துக்கான இந்திய அரசின் கொரோனா மரண எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் குறைவு. உலக நிறுவனத்தின் கணிப்பு முறையை இந்திய அரசு கடுமையாக மறுத்தது. அதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகத்தான், 2020-ஆம் ஆண்டில் பதிவான இறப்புகள் 81.2 லட்சம் என்ற அறிக்கை வெளியாகியிருந்தது. 2019-இல் 76.4 லட்சம் இறப்புகள் பதிவாகியிருந்ததால், 2020-இன் உயர்வு பெரியதாகத் தோன்றவில்லை. இரண்டாம் அலை வீசிய 2021-ஆம் ஆண்டுக்கான அதே அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வந்தது. அந்த ஆண்டில் பதிவான இறப்புகள் ஏறத்தாழ 1.02 கோடி, முந்தைய ஆண்டைவிட 21 லட்சம் அதிகம். அந்தக் கூடுதல் முழுவதும் கொரோனாவால் ஏற்பட்டது என்று சொல்ல முடியாது; பதிவு செய்யும் பழக்கம் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதும் அதில் ஒரு பங்கு. ஆனாலும் விவாதம் சூடாக இருந்த 2022-இலேயே அந்த எண் மேசையில் இருந்திருந்தால், உலக நிறுவனத்தின் கணிப்பை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ நம் சொந்தப் பதிவேடே ஆதாரமாக இருந்திருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து வந்தபோது அதைப் படித்தவர்கள் ஆய்வாளர்களும் சில செய்தியாளர்களும் மட்டுமே.

காலம் தாழ்ந்து வரும் எண் பொய்யான எண் இல்லை. அது சரியான எண்ணாகவே இருக்கலாம். ஆனால் யாரிடம் கேள்வி கேட்க அது உதவியிருக்குமோ அவர் பதவியில் இல்லாத நாளிலோ, எந்த முடிவை அது மாற்றியிருக்குமோ அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்ட பிறகோ வந்தால், அது வரலாற்றாசிரியருக்குப் பயன்படும்; குடிமகனுக்குப் பயன்படாது. அதனால் ஒரு புள்ளிவிவரம் என்ன சொல்கிறது என்பதற்கு இணையாக, அது வெளிவரும் தேதியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் முக்கியம்.

2019 ஜனவரி 28 அன்று தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகியது இந்தத் தேதிக் கேள்வியை ஒட்டித்தான். 2017-18-க்கான தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கைக்கு ஆணையம் 2018 டிசம்பரிலேயே ஒப்புதல் அளித்திருந்தது. வழக்கப்படி அதன் பிறகு வெளியாகியிருக்க வேண்டிய அறிக்கை வெளியாகவில்லை. அவர்கள் விலகிய சில நாட்களில், வேலையின்மை விகிதம் 6.1 சதவீதம் என்று அந்த அறிக்கை கூறுவதாக ஒரு நாளிதழ் செய்தி வெளியிட்டது. அது இறுதி அறிக்கை இல்லை என்று அரசுத் தரப்பில் மறுக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் முடிந்து, மே 30 அன்று புதிய அமைச்சரவை பதவியேற்றது. மறுநாள், மே 31 அன்று, அறிக்கை வெளியானது. விகிதம் அதே 6.1 சதவீதம். புதிய கணக்கெடுப்பின் வடிவமைப்பு மாறியிருப்பதால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடக்கூடாது என்று அரசு அப்போது கூறிய விளக்கத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த விளக்கத்தை அறிக்கையோடு சேர்த்து ஜனவரியிலேயே வெளியிட எந்தத் தடையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் நடந்தது இதைவிடப் பெரியது. நாம் அதைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நாடெங்கும் வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்ட குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று புள்ளியியல் அமைச்சகம் 2019 நவம்பர் 15 அன்று அறிவித்தது. அன்று நாளிதழ் ஒன்றில் வெளியான வரைவு அறிக்கையின்படி, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 2011-12-இல் 1,501 ரூபாயாக இருந்தது 2017-18-இல் 1,446 ரூபாயாகக் குறைந்திருந்தது. கணக்கெடுப்பு காட்டும் போக்கு, பொருள்களின் உற்பத்தி போன்ற நிர்வாகத் தரவுகள் காட்டும் போக்கோடு பொருந்தவில்லை என்பது முடிவுகளைக் கைவிட அமைச்சகம் சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்தக் காரணத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வீடுகளில் கேட்டு எழுதும் செலவுக்கும், தேசியக் கணக்கில் உற்பத்தியிலிருந்து கணக்கிடப்படும் நுகர்வுக்கும் இடையே இந்தியாவில் பல பத்தாண்டுகளாகவே இடைவெளி உண்டு. பணக்காரக் குடும்பங்கள் செலவைக் குறைத்துச் சொல்வது, கணக்கெடுப்பவருக்குக் கதவே திறக்காதது, தேசியக் கணக்கிலேயே அமைப்புசாராத் தொழில்களை ஊகித்து மதிப்பிடுவது என்று இரு பக்கத்துக் குறைகளையும் பொருளியலாளர்கள் வெளிப்படையாக விவாதித்து வந்திருக்கிறார்கள். இரண்டு பதிவேடுகள் முரண்பட்டால் எது எங்கே தவறுகிறது என்று தேட வேண்டும். தேடுவதற்கு இரண்டும் கையில் இருக்க வேண்டும். இங்கே முரண்பாட்டையே காரணமாகக் காட்டி ஒரு பதிவேடு மூடப்பட்டது. 2009-10-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பும் அப்போதைய அரசுக்கு உவப்பாக இல்லை. அது வறட்சி ஆண்டு, இயல்பான நிலையைக் காட்டவில்லை என்று அந்த அரசு கருதியது. ஆனால் முடிவுகளை வெளியிட்டுவிட்டு, 2011-12-இல் இன்னொரு முறை கணக்கெடுத்து அதையும் வெளியிட்டது. படிப்பவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுத் தாங்களே முடிவு செய்ய முடிந்தது. ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட இருநூறுக்கும் மேற்பட்ட பொருளியலாளர்களும் ஆய்வாளர்களும் 2019 நவம்பரில் கேட்டதும் இதைத்தான்: குறை இருந்தால் குறையோடு வெளியிடுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2024 பிப்ரவரியில்தான் வந்தன. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதிகாரபூர்வமான வறுமை மதிப்பீடு எதற்கும் அடிப்படை இல்லாமல் போனது. பணமதிப்பிழப்பும் சரக்கு மற்றும் சேவை வரி அறிமுகமும் ஏழைக் குடும்பங்களின் அன்றாடச் செலவை எப்படிப் பாதித்தன என்று சொல்லக்கூடிய ஒரே பெரிய ஆவணம் அந்த மூடப்பட்ட அறிக்கைதான். இன்னொரு விளைவு எல்லோருடைய சமையலறையையும் தொட்டது. விலைவாசிக் குறியீட்டெண்ணில் உணவுக்கு எவ்வளவு எடை, வாடகைக்கு எவ்வளவு எடை என்பதை முடிவு செய்வது இந்தக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புதான். 2022-23 கணக்கெடுப்பில் கிராமக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 46 சதவீதமாகக் குறைந்திருந்தபோதும், கிராமப்புறக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களுக்கு 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட 54 சதவீத எடையே தொடர்ந்தது. வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும் ரிசர்வ் வங்கி, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய குடும்பத்தின் கூடையை வைத்துத்தான் இன்றைய விலைவாசியை அளக்க வேண்டியிருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி இங்கே நீட்டத் தேவையில்லை. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்தது 2021-இல் முதல்முறையாகத் தவறியது. அடுத்ததன் ஆதாரத் தேதி 2027 மார்ச் 1. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மானிய அரிசி, கோதுமை பெறத் தகுதியுள்ளோர் 81.35 கோடி பேர் என்ற உச்சவரம்பு, 2011-இன் மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. அதன் பிறகு பிறந்தவர்களும் குடும்பம் பிரிந்தவர்களும் அந்த வரம்புக்குள்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொது விநியோகம் இருப்பதால் இந்த நெருக்கடியை நாம் நேரடியாக உணரவில்லை.

எண்ணை வெளியிடும் அதிகாரியை யார் காப்பது என்ற கேள்விக்கும் இங்கே இடம் உண்டு. நம் புள்ளியியல் ஆணையம் 2005-ஆம் ஆண்டின் ஓர் அரசுத் தீர்மானத்தால் உருவானது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதற்குப் பின்னால் இல்லை. அதன் ஒப்புதலைக் கடந்து போக அமைச்சகத்துக்கு எந்தச் சட்டத் தடையும் இருக்கவில்லை. பிரிட்டனில் 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு தனி ஆணையத்தை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக்கியது; அமைச்சர்கள் எண்களைத் தவறாகப் பயன்படுத்தினால் அதன் தலைவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதுகிறார். கிரேக்கத்தின் கதை வருத்தம் தருவது. 2009-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம் என்று சொல்லப்பட்ட அந்நாட்டு அரசின் நிதிப் பற்றாக்குறை ஆட்சி மாறியதும் 12.5 சதவீதமாகத் திருத்தப்பட்டது. இறுதியில் 15-ஐத் தாண்டியது. அந்த இறுதி எண்ணை 2010-இல் வெளியிட்ட புள்ளியியல் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூவின் கணக்கு சரியென்று ஐரோப்பியப் புள்ளியியல் அமைப்பு உறுதி செய்தது. ஆயினும், எண்ணை வெளியிடுமுன் தன் அலுவலகக் குழுவில் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்ற குற்றத்துக்காகக் கிரேக்க நீதிமன்றம் 2017-இல் அவருக்கு இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது.

செலவுக் கணக்கிலும் இதே நிலைதான், வடிவம் மட்டும் வேறு. ஒன்றிய அரசானாலும் மாநில அரசானாலும், நிதிநிலை அறிக்கையில் ஒரே செலவுக்கு மூன்று எண்கள் உண்டு. வரும் ஆண்டுக்கு இவ்வளவு ஒதுக்குகிறோம் என்பது வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. ஆண்டின் கடைசியில், இவ்வளவு ஆகும் போலத் தெரிகிறது என்பது திருத்திய மதிப்பீடு. உண்மையில் செலவானது எவ்வளவு என்ற இறுதிக் கணக்கு அதற்கும் அடுத்த ஆண்டின் அறிக்கையில் ஒரு பத்தியில் வரும். தலைப்புச் செய்தியாவது முதல் எண். அது ஒரு வாக்குறுதி மட்டுமே. வாக்குறுதி நிறைவேறியதா என்று சொல்லும் மூன்றாவது எண் வெளிவரும் நாளில் அனைவரின் கவனமும் அடுத்த வாக்குறுதியின் மேல் இருக்கிறது. மூன்றும் ஒரே புத்தகத்தில் அச்சாகின்றன, எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனால் முதல் எண்ணை நினைவில் வைத்திருந்து மூன்றாவதோடு ஒப்பிடும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. ஒரு திட்டத்துக்குப் பல கோடி ஒதுக்கீடு என்று செய்தி எழுதும்போது, அதே திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை நம் ஊடகங்கள் கொண்டுவந்தால் போதும், விவாதத்தின் தரமே மாறும்.

இந்த மூன்று எண்களும் உணவு மானியத்தில் எப்படி விரிந்தன என்பதைப் பார்ப்போம். 2020-21-க்கு ஒன்றிய அரசின் மதிப்பீடு ஏறத்தாழ 1.16 லட்சம் கோடி ரூபாய். திருத்திய மதிப்பீடு 4.23 லட்சம் கோடி. இறுதிக் கணக்கு 5.41 லட்சம் கோடி. கொரோனாக் காலத்தில் இலவச அரிசியும் கோதுமையும் கொடுத்ததால் செலவு கூடியது உண்மை, ஆனால் இவ்வளவு பெரிய தாவலுக்கு அது மட்டுமே காரணம் இல்லை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக, அரசு இந்திய உணவுக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய மானியத்தின் ஒரு பகுதியைக் கொடுக்காமல், அந்தக் கழகத்தைத் தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் செய்தது. நெல் கொள்முதல் நடந்தது, அரிசி கடைக்குப் போனது, பணமும் செலவானது. ஆனால் கடன் கழகத்தின் பெயரில் இருந்ததால் அரசின் நிதிப் பற்றாக்குறையில் அது தெரியவில்லை. 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அந்த முறையை நிறுத்தி, நிலுவைகளைத் தீர்க்கும் தொகையையும் மானியக் கணக்கில் சேர்த்தபோதுதான் எண் அப்படித் தாவியது. அந்த வெளிப்படைத்தன்மை பாராட்டுக்குரியது.

நிதிநிலை அறிக்கையில் தெரியாத அந்தக் கடனை அதற்கு முன்பே எப்படி அறிய முடிந்தது? இந்திய உணவுக் கழகம் 1964-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின்படி அமைந்த தனி நிறுவனம். அரசு தனக்குத் தர வேண்டிய பாக்கியையும் தான் வாங்கிய கடனையும் அது தன் கணக்குப் புத்தகத்தில் எழுதியே ஆக வேண்டும். 2016-17-இன் முடிவில் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் உணவு மானியம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டிருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டினார். சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் டெல்லியில் இருக்கும் உணவுக் கழகத்தின் இருப்புநிலைக் குறிப்புக்கும் இடையே ஓர் ஒற்றுமையை இங்கே காண்கிறேன். கடன் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய தேவையிலிருந்து எழுதப்பட்டது இது. குடும்பங்களுக்குச் சான்றிதழ் தர வேண்டிய தேவையிலிருந்து எழுதப்பட்டது அது.

தணிக்கை அறிக்கைக்கும் தேதிப் பிரச்சினை உண்டு. தணிக்கையாளர் தம் அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ அளிக்க வேண்டும் என்றும், அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்றும் அரசமைப்புச் சட்டத்தின் 151-ஆவது உறுப்பு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லி அரசைப் பற்றிய 14 தணிக்கை அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமல் கிடந்தன. உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் இதைக் கண்டித்தது. பிப்ரவரித் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரி 25 அன்று புதிய அரசு முதல் அறிக்கையை வைத்தது. முந்தைய அரசின் மதுக் கொள்கையால் ஏறத்தாழ 2,002 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்பது அதன் கண்டறிதல். அந்த அறிக்கை தேர்தலுக்கு முன் வந்திருந்தால் அப்போதைய அரசும் தன் விளக்கத்தை அவையில் சொல்லியிருக்கும், வாக்காளர்களும் இரண்டையும் எடைபோட்டிருப்பார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் பொருந்தும்படி, அறிக்கை வந்த அடுத்த கூட்டத்தொடரில் அவையில் வைக்கப்பட வேண்டும் என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்ப்பது கடினமான வேலையாகத் தோன்றவில்லை.

முந்தைய ஆட்சியின் கணக்கைத் திறப்பது எப்போதும் எளிது. தமிழ்நாட்டில் 2001-இலும் 2021-இலும் வெளிவந்த நிதிநிலை வெள்ளை அறிக்கைகள் இரண்டும், அப்போதுதான் பதவிக்கு வந்த அரசுகள் தமக்கு முன் ஆண்டவர்களைப் பற்றி எழுதியவை. ஆனாலும் 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட அறிக்கையில் பின்பற்றத்தக்க ஒன்று இருந்தது. மாநிலத்தின் மொத்தக் கடன் எத்தனை லட்சம் கோடி என்று சொல்வதோடு நிற்காமல், குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய், அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் இழப்பு, விநியோகிக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.36 ரூபாய் இழப்பு என்று அது பிரித்துக் காட்டியது. மின்வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் வாங்கிய கடனை மாநிலத்தின் கடனோடு சேர்த்து வைத்துப் பேசியது. லட்சம் கோடி என்ற எண்ணைச் சோதிக்கச் சாதாரண மனிதரிடம் எந்தப் பதிவேடும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றால், பேருந்தில் போகிறவரும் ஓட்டுநரும் தொழிற்சங்கமும் அதைப் பற்றிப் பேச முடியும், டீசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று எதிர்க்கேள்வி கேட்க முடியும். இத்தகைய அறிக்கையை ஆட்சியின் முதல் ஆண்டில் எழுதியவர்களே ஐந்தாம் ஆண்டிலும் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. (பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடவோலைக்கு நிற்கக்கூடாது என்று விதித்தது. பதவிக்காலம் முடியும்போது கணக்கு என்பது அந்தச் சபைக்கு விருப்பமாக இல்லாமல் தகுதியாக இருந்தது.)

குடிமக்களிடம் பதிவேடு இல்லை என்றேன். ஆனால் நினைவு இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் நடத்திய பொது விசாரணை அதை நிரூபித்தது. பஞ்சாயத்து வேலைகளுக்குக் கூலி கொடுத்ததாக எழுதப்பட்டிருந்த வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். தம் பெயரைக் கேட்டவர்கள், நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றார்கள். எழுதப்பட்ட கூலி கைக்கு வரவில்லை என்றார்கள். தாளில் இருந்த கணக்கை ஊராரின் நினைவு என்ற இன்னொரு கணக்கு சோதித்தது. தாளைப் பார்க்கும் உரிமைக்காக 1996-இல் பேயாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்கள் முழக்கம். தமிழ்நாடு 1997-லேயே, நாட்டில் முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்திருந்ததால் அது பெரிதும் பயன்படவில்லை. 2005-இல் வந்த ஒன்றியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு முகமைக்கும் ஒதுக்கிய தொகை, மானியத் திட்டங்களின் பயனாளிகள் ஆகிய விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொன்னது. அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது.

அதன் பிறகு பெருமளவு தரவு இணையத்துக்கு வந்துவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சி வாரியாக வேலையட்டை எண், வேலை செய்த நாட்கள், கூலி ஆகியவை வெளியிடப்பட்டன. 2023 ஜனவரி முதல், வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை எடுக்கும் புகைப்படத்தோடு செயலியில் வருகைப் பதிவு கட்டாயமானது. ஆனால் 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், ஒரு படத்தைப் பார்த்து எடுத்த இன்னொரு படம், படத்தில் இருப்போர் எண்ணிக்கையும் பதிவான எண்ணிக்கையும் பொருந்தாமை, ஒரே படம் பல வருகைப் பட்டியல்களில் இருப்பது என்று முறைகேடுகளை அது வரிசைப்படுத்தியது. வருகையை எழுதுபவரும் படம் எடுப்பவரும் ஒருவரே என்றால், படம் இரண்டாவது பதிவேடாகாது. முதல் பதிவேட்டின் நகலாகவே இருக்கும். தொழில்நுட்பத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்து, இந்த ஆள் போன வருடமே திருப்பூருக்குப் போய்விட்டாரே என்று சொல்வதற்கு ஈடான செயலி இதுவரை வரவில்லை.

ஆகவே அவர் அந்தப் பட்டியலை, பெயரோடு, பார்க்க முடியுமா என்பதுதான் இனி வரும் ஆண்டுகளின் கேள்வி. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்க இடம் தந்தது; நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற வாசகமும் அதனுடன் இருந்தது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த வரையறைகளை எல்லாம் நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. பொதுநலன் மேலோங்கும் இடத்தில் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. கூலிப் பட்டியலில் ஒரு பெயர், வீடு கட்டும் திட்டத்தில் ஒரு பயனாளி, ஒப்பந்தம் எடுத்த ஒருவரின் கையெழுத்து ஆகிய ஒவ்வொன்றும் தனிப்பட்ட தகவல் என்று ஒரு தகவல் அலுவலர் இனி எழுதி அனுப்பலாம். 8(2)-ஐச் சுட்டி மேல்முறையீடு செய்ய வேண்டிய வேலை, பட்டியலைக் கேட்ட கூலித் தொழிலாளியின் மேல் விழும். கோட் கிரானாவில் அன்று படிக்கப்பட்ட தாளிலிருந்து பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத் தொகையைப் படித்திருந்தால், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் எழுந்து நிற்கக் காரணம் இருந்திருக்காது.